என் மனைவியைப் போல் உட்கார்ந்தவர்

ஒரு நல்ல மனிதரின் வேலையை நான் கெடுத்தேன். உண்மையான மூன்று வாக்கியங்களைச் சொல்லியே கெடுத்தேன். திண்டிவனம் நீதிமன்றத்தில் ஆயுள் முழுக்க சிவில் வழக்கு நடத்திய வக்கீலுக்கு அது பெரிய வேலையில்லை. காரணம் பொறாமை. கொஞ்சம் கௌரவமான காரணம் ஏதாவது கிடைக்குமா என்று பல நாள் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

அவர் ஒரு பிசியோதெரபிஸ்ட். விழுப்புரத்தில் ஒரு தனியார் மையத்தில் இருந்தார். வயது நாற்பத்தைந்தை ஒட்டி இருக்கும். பெயரை எழுதப்போவதில்லை. அந்தப் பெயரைச் சொல்லக்கூடாத இடத்தில் ஏற்கெனவே ஒருமுறை சொல்லிவிட்டேன்.

கொரோனாவின் இரண்டாவது அலையில் என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பினாள். ஆக்சிஜன் சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது, மூச்சு வாங்குவது மட்டும் நிற்கவில்லை. படுத்தால் நெஞ்சை அடைக்கும். சாப்பாட்டு மேஜைமேல் தலையணையை வைத்து, அதில் இரண்டு கைகளையும் போட்டு, நாற்காலியில் குனிந்தபடியேதான் தூங்குவாள். அவள் மறுபடியும் கட்டிலில் கால் நீட்டிப் படுத்துத் தூங்கவேண்டும். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் இருந்த ஆசை அது ஒன்றுதான். மருந்து போதாது, மூச்சுக்குப் பயிற்சி வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அப்படித்தான் அவர் வந்தார்.

விழுப்புரத்திலிருந்து காலை பாசஞ்சரில் வந்து இறங்கி, ஸ்டேஷனிலிருந்து நடந்தே வருவார். சட்டை ஒரு பக்கம் பேன்ட்டுக்குள் இருக்கும், மறுபக்கம் வெளியே தொங்கும். கொஞ்சம் தொப்பை. டீயில் சர்க்கரை நிறைய வேண்டும். முதல் நாள் என் மனைவிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர், வாயே திறக்கவில்லை. எக்ஸ்ரேவை நீட்டினேன், வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பார்க்கவில்லை. நான் தொண்டையைக் கனைத்தேன்.

"ஆரம்பிக்கலாமா?"

"ஆரம்பிச்சி நேரமாச்சி சார்."

அப்போதுதான் கவனித்தேன். அவருடைய இடது தோள் காதை நோக்கி ஏறியிருந்தது. கழுத்து முன்னால் நீண்டிருந்தது. முழங்கைகள் மேஜைமேல். வாய் லேசாகத் திறந்திருந்தது. என் மனைவியின் நெஞ்சு எப்போது ஏறியதோ அப்போது அவர் நெஞ்சும் ஏறியது.

"வைத்தியம் பாக்கறவரே இப்படிக் கூனி உட்காரலாமா?" என்றேன்.

"நான் எங்க சார் உக்காந்துகினு இருக்கேன்? அம்மா இல்ல உக்காந்திருக்காங்க."

என் மனைவி சிரித்துவிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் நான் கேட்ட முதல் சிரிப்பு. சிரிப்பு இருமலானது. இருமல் அடங்கும்வரை காத்திருந்து, அவர் தன் காறை எலும்புக்கு மேலே விரலை வைத்துக் காட்டினார்.

"இங்க இழுக்குதும்மா உங்களுக்கு. தோள தூக்கித் தூக்கி மூச்ச எடுக்கறீங்க. கழுத்து சதைக்கு அது வேலையே இல்ல. பாவம், ராப்பகலா பாக்குது. அடியில விலாவுக்குக் கீழ உதரவிதானம்னு ஒருத்தன் இருக்கான், அவன் வேல அது. சும்மா கெடக்கறான்."

"எழுப்பினா எந்திரிப்பானா?"

"அதட்டினா எந்திரிக்க மாட்டான். கூட உக்காந்து பாக்கணும்."

இதுதான் அவர். யாரிடம் போனாலும் முதலில் அவர்களைப் போல் உட்காருவார், அவர்களைப் போல் மூச்சு விடுவார். எங்கே அடைக்கிறது என்பதைத் தன் உடம்பில் தெரிந்துகொண்ட பிறகுதான் பேசுவார். கற்றுக்கொண்டு செய்ததா, பிறவியிலேயே வந்ததா, தெரியாது. அவருக்கே அது தொல்லையாகவும் இருந்தது. ஒருமுறை பஸ்ஸில் திருவாமாத்தூர் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இழுப்போடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். விழுப்புரம் வருவதற்குள் இவருக்கு இளைப்பு வந்து, கண்டக்டர் ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தாராம்.

"பேஜாரு சார் இது. கல்யாணத்துக்குப் போனா என் வீட்ல பக்கத்துல உக்காரவே மாட்டாங்க. யாரோ மாதிரி உக்காந்துகினு மானத்த வாங்கறேனாம்." இதைச் சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. தன் திறமை தெரிந்தவர்தான். அடக்கம் எல்லாம் கிடையாது.

நிமிர்ந்து உட்கார் என்ற சொல் அவருக்குப் பிடிக்காது. நான் என் மனைவியிடம் கல்யாணமான நாளிலிருந்து சொல்லிவந்த சொல் அது. மகனிடமும் ஜூனியர்களிடமும் அதையேதான் சொன்னேன். ஒருநாள் அவர் எதிரிலும் சொன்னேன்.

"நிமிருன்னா என்ன பண்ணுவாங்க சார்? நெஞ்ச தூக்குவாங்க, இடுப்ப பின்னால வளைப்பாங்க, மூச்ச புடிச்சிக்குவாங்க. ஒரு போட்டோ எடுக்கலாம். அப்புறம் பொத்துனு வுழுந்துடுவாங்க."

"அப்ப கூனியே இருக்கலாமா?"

"மூச்ச இழுக்கறவன்தான் சார் உள்ளேருந்து முதுகையும் தாங்கறான். ஒரே ஆளு, ரெண்டு வேல. மூச்சா முதுகான்னு வந்துட்டா அவன் மூச்சத்தான் பாப்பான். முதுக வுட்டுடுவான். அம்மாவுக்கு அதான் ஆயிருக்கு. மொதல்ல மூச்சு அடியில எறங்கட்டும். முதுகு பின்னாடியே வரும்."

வந்தது. சூடான காபியை ஊதுவது போல உதட்டைக் குவித்து நீளமாக மூச்சை விடச் சொல்வார். இழுப்பதைப் பற்றிப் பேசவே மாட்டார். "வுடறத மட்டும் பாருங்க, வர்றது தானா வரும்." விட்டு முடிக்கும்போது அவள் தோள்கள் இறங்கும், முதுகு யாரும் சொல்லாமலே கொஞ்சம் உயரும். நாற்காலியிலிருந்து எழும்போது அவள் மூச்சைப் பிடித்துக்கொள்வாள், அதனால்தான் நின்றதும் தலை சுற்றியது. எழும்போதே மூச்சை விடவேண்டும் என்று பழக்கினார். இருவரும் எதிரெதிரே உட்காருவார்கள், ஊதிக்கொண்டே எழுவார்கள், மறுபடி உட்காருவார்கள். நான் கூடத்தில் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பேன்.

பிறகு, அவளுடைய கீழ் விலாவில், துண்டை மடித்துப் போட்டு, அதன்மேல் பின்னாலிருந்து இரண்டு கைகளையும் வைப்பார். "என் கைய வெளிய தள்ளுங்கம்மா, மூச்சால." அவள் தள்ளுவாள். அப்போது அவர் முதுகும் அவள் முதுகும் ஒன்றாக விரிந்து ஒன்றாக அடங்கும். கதவு திறந்தேதான் இருக்கும். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் நான் அதைப் பார்த்தேன். அவளும் நானும் ஒன்றாகச் சேர்ந்து அப்படி என்ன செய்திருக்கிறோம் என்று யோசித்தேன். வீடு கட்டினோம், பிள்ளையை வளர்த்தோம், அவளுடைய பனமலை நிலத்துப் பாகப்பிரிவினையை முடித்தோம். மூச்சு விட்டதில்லை.

ஒருநாள் அவர் அவளிடம் கேட்டது காதில் விழுந்தது. "இந்த மூச்சு புடிக்கறது கொரோனாவுக்கு அப்புறம் வந்தது இல்லம்மா. ரொம்பப் பழசு. எப்பலேருந்து?"

"கல்யாணம் ஆன புதுசுலேருந்துதான் தம்பி. இவரு காத்தால கேஸ் கட்டு படிப்பாரு. பாத்திரம் சத்தம் வந்தாக் கத்துவாரு. இவரு கெளம்பிப் போயி கேட்டு சாத்தற சத்தம் கேட்டாதான் எனக்கு மூச்சே வரும்." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. "சரி, இப்ப வுடுங்க" என்றார்.

அவள் உடம்பு தேறியது. தலையணைகளை அடுக்கி, கட்டிலில் சாய்ந்தபடி தூங்க ஆரம்பித்தாள். நான் சந்தோஷப்பட்டிருக்கவேண்டும். அவர் வரும் நாளில் அவள் விடியும்போதே குளித்துவிடுவாள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வேகவைத்து அவருக்கென்று தனியாக எடுத்துவைப்பாள். ஒருநாள் அவர் வருவதற்குமுன் அந்தக் கிண்ணத்தை நானே காலி செய்தேன். மல்லாட்டை எனக்கு ஒத்துக்கொள்ளாது. அன்று முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "ஏன், வேணும்னு கேட்டா தனியா வேகவெச்சித் தரமாட்டேனா?" என்றாள்.

என்னை முழுதாக அவருக்கு எதிராகத் திருப்பியது ஒரு விளையாட்டு. பயிற்சி முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது என் மனைவி கேட்டாள்: "தம்பி, எங்க, இவர மாதிரி நில்லுங்க பாக்கலாம்."

"வேணாம்மா. சார் கோச்சிக்குவாரு."

"நில்லுங்களேன், பார்ப்போம்" என்று நான்தான் பெருந்தன்மையாகச் சொன்னேன்.

எழுந்து நின்றார். முகவாய் மேலே போனது. நெஞ்சு புடைத்தது. முழங்கால்கள் விறைத்தன. இடது கை, போட்டிராத வக்கீல் கவுனின் ஓரத்தைப் பிடித்தது. என் மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவர் அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அவர் முகம் மாறியது.

"என்ன தம்பி?"

"ஒண்ணுமில்லம்மா. இப்படி நின்னா மூச்சு கீழ எறங்கவே மாட்டேங்குது. ரொம்ப பயமா இருக்கு."

உடனே கையைத் தளர்த்திவிட்டு, "மன்னிச்சிக்குங்க சார்" என்று உட்கார்ந்து டீயை எடுத்துக்கொண்டார். ஆனால் என் மனைவியின் சிரிப்பு நின்றுவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். யாரோ தெரிந்தவர்போல இருக்கிறதே என்று கடைத்தெருவில் ஒருவரைப் பார்ப்போம் இல்லையா, அந்தப் பார்வை. ஒவ்வொரு வழக்கிலும் எழுந்து நிற்பதற்குமுன் என் நாக்கு உலர்ந்துபோகும். வாழ்நாள் முழுவதும் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தேன். அவர் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் என் கூடத்தில், என் மனைவி எதிரில், அதை எடுத்து வைத்துவிட்டார்.

மறுநாள் காலை அந்த மையத்தை நடத்துகிற டாக்டரம்மாவுக்கு போன் செய்தேன். பிசியோவின் பெயரைச் சொன்னேன். பிறகு இதைச் சொன்னேன்: "பயிற்சி நடக்கும்போது நான் பெரும்பாலும் வேறு அறையில் இருக்கிறேன். விலாவில் கை வைக்கிறார், எவ்வளவு நேரம் வைக்கவேண்டும் என்பது எனக்குத் தெரியாது. என் மனைவி வயதானவள், இந்த மாதிரி விஷயங்களை வெளியே சொல்லமாட்டாள்."

ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. எதையும் புகாராகச் சொல்லவில்லை. எதையும் கேட்கவும் இல்லை. அந்த அம்மா, "புரியுது சார். நான் பாத்துக்கறேன்" என்றார்.

அடுத்த முறை பிசியோ வரவில்லை. படங்கள் போட்ட ஒரு தாளோடு இளம்பெண் ஒருத்தி வந்தாள். நல்ல பெண்தான். "நிமிந்து உக்காருங்கம்மா, ஆழமா இழுங்க" என்றாள். நேரம் முடிந்ததும் போய்விட்டாள். அவரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்களாம் என்று மனைவியிடம் சொன்னேன். அந்த மாதம் முடிவதற்குள் தலையணை மறுபடியும் சாப்பாட்டு மேஜைக்கு வந்துவிட்டது.

என் குமாஸ்தா ஒரு வேலையாக விழுப்புரம் கோர்ட்டுக்குப் போய்வந்து சொன்னார்: "நம்ம வீட்டுக்கு வந்துகினு இருந்தாரே பிசியோ, அவரு மேல யாரோ கம்ப்ளைன்ட் குடுத்துட்டாங்களாம் சார். பொம்பளைங்க யாரையும் அவருகிட்ட வுடறதில்லையாம். உள்ள மிஷின் வேலைல போட்டுட்டாங்க. ஆளு நல்ல மாதிரிதான் தெரிஞ்சிச்சி. யார நம்பறது சொல்லுங்க?" நான் கேஸ் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதும் நான் திருந்தவில்லை. ஒரு காலையில் என் மனைவிக்கு இளைப்பு அதிகமானது. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஓடிப்போய் அவர் செய்ததைச் செய்துபார்த்தேன். அவளைப் போல் குனிந்தேன், அவளைப் போல் மேடையைப் பிடித்தேன், அவள் மூச்சோடு சேர்ந்து விடப் பார்த்தேன். முடியவில்லை. அவள் விடும்போது நான் இழுத்தேன். பிறகு இருவர் மூச்சும் தடுமாறி நின்றது.

"தள்ளி நில்லுங்க" என்றாள் மூச்சுக்கு நடுவில். "உங்களப் பாத்தா இன்னும் வாங்குது."

அன்று சாயங்காலம் அவளிடம் சொன்னேன். அவள் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். நான் போனில் சொன்ன மூன்று வாக்கியங்களையும் அப்படியே சொன்னேன். அவள் உரிப்பதை நிறுத்தவில்லை.

"அவருக்கு வயசுக்கு வந்த ரெண்டு பொண்ணுங்க" என்றாள். மடியிலிருந்த ஓடுகளைத் தட்டிவிட்டு, "எங்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது? அங்க போயி சொல்லுங்க" என்றாள்.

போனேன். டாக்டரம்மா என்னை உட்காரச் சொன்னார். சொன்னதைத் திரும்பப் பெற வந்திருக்கிறேன் என்றேன்.

"நீங்க தப்பா ஒண்ணும் சொல்லலையே சார். எத வாபஸ் வாங்கறீங்க?"

கேள்வி சரியானது. வாபஸ் வாங்க எதுவும் இல்லாதபடிதான் சொல்லியிருந்தேன். அவர்மேல் தவறில்லை, எனக்குத்தான் அவர்மேல் பொறாமை என்றேன். அந்த அம்மா பேனாவை மூடி வைத்தார். கோபம் தெரிந்தது. பாதிக் கோபம் தன்மேல் என்று நினைக்கிறேன், விசாரிக்காமல் விட்டதற்கு.

"எங்கிட்ட மட்டும் சொன்னாப் பத்தாது. இங்க எல்லாரும் அவர ஒரு மாதிரியாப் பாக்கறாங்க. கூட்டத்துல சொல்லுங்க."

வெளி ஹாலில் வேலை செய்கிறவர்களைக் கூப்பிட்டு நிறுத்தினார். ரிசப்ஷன் பெண், எங்கள் வீட்டுக்கு வந்த இளம்பெண், இன்னும் சிலர். முழங்காலில் மெழுகு ஒத்தடம் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவரும் இருந்தார். நான் நின்றேன். என் முகவாய் மேலே போவது எனக்கே தெரிந்தது. "அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. என் மனைவி அவரிடம் சிரித்துப் பேசியது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால் சொன்னேன்" என்றேன். மெழுகு போட்டிருந்த பெரியவர், "இந்த வயசுலயா?" என்றார்.

பிசியோ பின்னறையில் ஒருவரின் முழங்காலில் கரன்ட் வைக்கும் ஒயர்களை ஒட்டிக்கொண்டிருந்தார். சட்டை இரண்டு பக்கமும் உள்ளே இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். கேட்கும்போது அவர் தோள்களைத்தான் பார்த்தேன். எதிரே நிற்கிறவரைப் போல் அவை மாறவில்லை. அவர் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"நீங்கதான்னு அன்னிக்கே தெரியும் சார்" என்றார்.

"எப்படி?"

"உங்கள மாதிரி நின்னு பாத்தேனே."

பிறகு கேட்டார்: "அம்மா எப்படித் தூங்கறாங்க?" சொன்னேன். ஒயரைச் சரிசெய்தபடி யோசித்தார். "வர்றேன். ஆனா நீங்க அந்த ரூம்லயே உக்காந்திருக்கணும்."

வந்தார். அவளுக்கு எதிரே, முன்பைவிடத் தள்ளி உட்கார்ந்தார். கால்களைச் சேர்த்து, நேராக. அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"என்ன தம்பி, இன்னிக்கு நீங்க நீங்களாவே உக்காந்துகினு இருக்கீங்க?"

"பழகிக்கறேம்மா" என்றார். பிறகு என்னிடம் திரும்பினார். "சார், நீங்க வாங்க. பின்னாடி நின்னு விலாவுல ரெண்டு பக்கமும் கை வைங்க. அழுத்த வேணாம். சும்மா வைங்க, போதும்."

நான் எழுந்து போய்க் கை வைத்தேன். துண்டுக்கு அடியில் அவள் விலா எலும்புகள் தெரிந்தன. இவ்வளவு மெலிந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. என் கை பட்டதும் அவள் மூச்சு நின்றது. "வுடுங்கம்மா, ஊதுங்க" என்று அவர் எதிரிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் என் கைகளை ஒவ்வொன்றாக எடுத்து என்னிடமே கொடுத்துவிட்டு, தன் கைகளை வைத்துக்கொண்டாள். "நானே பாத்துக்கறேன்" என்றாள். அவர் எழுந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார். அன்று டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் என் மனைவி தானே விழுப்புரத்துக்குக் கிளம்பினாள். பஸ்ஸில், பக்கத்து வீட்டு அம்மாவோடு. இப்போது அவளுடைய சிகிச்சை அங்கேதான். அவரைப் பழையபடி பெண்களுக்கும் போட்டுவிட்டார்கள் என்று சொன்னாள். அதற்குமேல் அங்கே நடப்பதைப் பற்றி அவள் பேசுவதில்லை. திரும்பி வந்து படியேறும்போது ஊதிக்கொண்டே ஏறுகிறாள், நடுவில் நிற்பதில்லை. தலையணைகள் அலமாரிக்குப் போய்விட்டன. சாப்பிட்டபின் மத்தியானத்தில் கட்டிலில் கால் நீட்டிப் படுத்துத் தூங்குகிறாள்.

போன மாதம் அவள் புறப்படும்போது கேட்டேன்: "நானும் கூட வரட்டுமா?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். கோபமாகச் சொல்லவில்லை, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதுபோல்தான் சொன்னாள்.

"வேணாம். நீங்க வந்தா அவரு கையப் பின்னாடி கட்டிக்குவாரு."